பெட்டி தயார், போன் தயாரா? எட்டு நாள் பயணக் குறிப்பு

கிளம்புவதற்கு முந்தைய நாள்

பயணத்தில் பெட்டி தொலைந்தால் துணிமணியோடு போகும். போன் படுத்துவிட்டால் டிக்கெட், பணம், வழி, அறைச் சாவி, வீட்டுக்குச் சொல்ல வேண்டிய தகவல் எல்லாம் சேர்ந்து படுத்துக்கொள்ளும். ஐந்து பொருளாகப் பையில் கிடந்ததை ஒன்றாக்கிவிட்டோம். சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒன்றை வடிவமைக்கிறவர்கள் மனத்தில் வைத்திருப்பது வீட்டு சோபாவில் சாய்ந்திருக்கும் ஆளை. பக்கத்திலேயே பிளக் இருக்கும், வைஃபை இருக்கும், வழக்கமான சிம் உள்ளே இருக்கும், கடிகாரம் எப்போதும் ஒரே ஊர் நேரத்தைக் காட்டும். பயணம் இந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கும். பிடுங்கும் வரிசையிலேயே இந்தக் குறிப்புகளும் போகும்.

இன்று செய்யக் கூடாதது ஒன்று: அப்டேட். சிஸ்டம் அப்டேட் முடிந்த கையோடு போன் ஓரிரு நாள் பின்னணியில் எதையோ அடுக்கிக்கொண்டே இருக்கும், பேட்டரி இறங்கும். சில ஆப்கள் வெளியேற்றிவிட்டு மறுபடி லாகின் கேட்கும். ஒரு வாரம் முன்பே செய்யுங்கள், இல்லையென்றால் திரும்பி வந்து செய்யுங்கள். தானியங்கி அப்டேட்டை இன்றிரவே அணைத்துவிடுவது நல்லது.

செய்ய வேண்டியதில் முதலாவது ஓடிபி. எந்தெந்தக் கணக்கு குறுஞ்செய்தியில் எண் அனுப்புகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். வங்கி, மின்னஞ்சல், டிக்கெட் ஆப், விடுதி ஆப். இவற்றில் ஆத்தென்டிகேட்டர் ஆப்புக்கு மாற்ற முடிந்ததையெல்லாம் இன்றே மாற்றுங்கள், முதலில் மின்னஞ்சலை. மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மீட்கும் வழி அதன் மூலமாகத்தான் போகிறது. ஆத்தென்டிகேட்டர் காட்டும் 6 இலக்க எண்ணுக்கு சிக்னலே வேண்டாம். போனுக்குள் இருக்கும் ஒரு ரகசியச் சாவியையும் அந்த நிமிடத்து நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு 30 விநாடிக்கு ஒரு புது எண்ணைத் தரும். நடுக்கடலிலும் வேலை செய்யும். மாற்றும்போதே 'பேக்கப் கோடு' என்று ஒரு பட்டியல் தருவார்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைப்பது, சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதற்குச் சமம். தாளில் எழுதி, பாஸ்போர்ட் இல்லாத வேறு பையில் வையுங்கள்.

அடுத்து கேபிள். கொண்டுபோகும் ஒவ்வொரு கேபிளையும் கொண்டுபோகும் அதே சார்ஜரில் செருகிப் பாருங்கள். டைப் சி என்றால் எல்லாம் ஒன்று என்பது முனையின் வடிவத்தோடு முடிந்துபோகிற உண்மை. சாதாரண சி-டு-சி கேபிள் 3 ஆம்பியர் தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் போக 5 ஆம்பியர் கேபிள் வேண்டும், அதன் முனைக்குள் தன் திறனைச் சொல்லும் ஒரு சிறு சிப் இருக்கும். 100 வாட் லேப்டாப் சார்ஜர் வைத்திருந்தும் லேப்டாப் மெதுவாக ஏறினால் பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான். டார்ச் லைட், டிரிம்மரோடு இலவசமாக வந்த கேபிள்களில் டேட்டா கம்பியே இல்லாததும் உண்டு. சார்ஜ் ஏறும், போட்டோ இறங்காது.

கடைசியாக ஒரு தாள். *#06# அழுத்தினால் வரும், உங்கள் போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண், விடுதியின் முகவரி, டிக்கெட்டின் 6 எழுத்து பிஎன்ஆர், வீட்டில் இருப்பவரின் எண். வீட்டு எண்ணை மனப்பாடமாகச் சொல்ல முடிகிறவர்கள் இன்று எத்தனை பேர்?

ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. முன்பதிவுப் படிவம் குடும்பப் பெயர் கட்டாயம் என்று அடம்பிடிக்கும். ஆளாளுக்கு ஒன்றை நிரப்புவோம்: ஒரு தளத்தில் இனிஷியல், இன்னொன்றில் அதே பெயர் இரண்டு முறை. பாஸ்போர்ட்டின் அடியில் 44 எழுத்து கொண்ட இரண்டு வரி இருக்கிறதே, இயந்திரம் படிப்பது அதைத்தான். பெயர் அங்கே எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் நிரப்புங்கள். படிவம் அதற்கும் ஒத்துவரவில்லை என்றால் அந்த நிறுவனத்திடம் கேட்டு, அவர்கள் சொன்ன விதத்தை அந்தத் தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் இது தேவைப்படும்.

நாள் 1: விமான நிலையம்

இன்றைய நாயகன் பவர் பேங்க். முதலில் அதன் அட்டையை நம்புவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம். 10,000 எம்ஏஎச் என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் செல்லின் கணக்கு, அதாவது 3.7 வோல்ட்டில். பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 37 வாட் ஹவர், உள்ளே இருக்கும் மொத்த ஆற்றல் அதுதான். வெளியே வரும்போது 5 வோல்ட்டாகவோ 9 வோல்ட்டாகவோ மாற்றித்தான் அனுப்ப வேண்டும், அந்த மாற்றத்திலும் கேபிளிலும் ஐந்திலோ ஆறிலோ ஒரு பங்கு சூடாகக் கரையும். மிஞ்சுவது சுமார் 30. 5,000 எம்ஏஎச் போனின் பேட்டரி ஏறத்தாழ 19 வாட் ஹவர். ஆக ஒன்றரை முறை நிரம்பும். இரண்டு முறை என்று மனக்கணக்குப் போட்டவருக்கு இரண்டாம் நாள் மாலை ஏமாற்றம். வயர்லெஸ் முறையில் ஏற்றினால் இழப்பு இன்னும் அதிகம். ஊரில் பரவாயில்லை, பயணத்தில் கேபிளே மேல்.

விமான விதி இந்த வாட் ஹவர் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. 100 வரை பொதுவாக அனுமதி கேட்க வேண்டாம். 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதுவும் இரண்டுக்கு மேல் கூடாது. 160-ஐத் தாண்டினால் இடமில்லை. 20,000 எம்ஏஎச் என்றால் 74, கவலை இல்லை. 27,000 என்றால் 99.9. கடையில் அந்த விநோதமான எண் ஏன் நிற்கிறது என்று இப்போது புரிந்திருக்கும். 30,000 என்றால் 111, வாசலில் வாக்குவாதம். பவர் பேங்கின் மேல் எழுத்து தேய்ந்து அழிந்திருந்தால் எந்தக் கணக்கும் செல்லாது, பிடுங்கி வைத்துக்கொள்ளலாம்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்கறைக்குப் போகும் பெட்டியில் கூடாது. காரணம் நியாயமானது. லித்தியம் செல் உள்ளுக்குள் சூடேறத் தொடங்கினால் ஒரு செல் பக்கத்து செல்லைப் பற்ற வைத்துக்கொண்டே போகும். சரக்கறையில் இருக்கும் தீயணைப்பு வாயு சுவாலையை அடக்கும், செல்லுக்குள் நடக்கும் வினையை நிறுத்தாது. இருக்கைக்குப் பக்கத்தில் புகைந்தால் பணிப்பெண் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க முடியும். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படக் காத்திருந்த ஒரு விமானம் தீப்பிடித்த பிறகு, பல நிறுவனங்கள் இன்னும் இறுக்கின: தலைக்கு மேல் உள்ள அறையில் வைக்காதே, பறக்கும்போது அதில் சார்ஜ் போடாதே என்று. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது, டிக்கெட்டோடு வரும் மின்னஞ்சலில் இருக்கும், படியுங்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் விமானத்தின் கதவருகே. 'மேலே இடமில்லை, கைப்பையைக் கொடுங்கள், கீழே போட்டுவிடுகிறோம்' என்பார்கள். அந்தப் பைக்குள் பவர் பேங்க் இருக்கும். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது. ஆகவே பவர் பேங்க், மருந்து, பாஸ்போர்ட் மூன்றும் ஒரு சின்னப் பையில் தனியாக இருந்து, அந்தச் சின்னப் பை பெரிய பையின் மேல்வாயில் இருக்க வேண்டும். உருவிக்கொண்டு நடக்கலாம்.

போர்டிங் பாஸ். போனில் இருக்கும் கட்டத்தை ஸ்கேனர் படிக்காமல் முழிப்பதற்குப் பாதிக் காரணம் வெளிச்சம். கண்ணாடி மேல் போனைக் கவிழ்த்ததும் போனின் ஒளி உணரி 'இருட்டிவிட்டது' என்று நினைத்துத் திரையை மங்கலாக்கும். ஆட்டோ பிரைட்னஸை அணைத்து, கையால் முழுதாக ஏற்றி வையுங்கள். மீதிக் காரணம் கீறல். கியூஆர் கட்டம் 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் வாகன உதிரிபாகங்களைக் கணக்கெடுக்க உருவானது. அழுக்கு, எண்ணெய்க் கறை தாங்கும்படி செய்தார்கள், மிக உயர்ந்த நிலையில் 30 சதவீதம் அழிந்தாலும் படிக்கும். ஆனால் மூன்று மூலையில் இருக்கும் சதுரங்கள் அதன் கண்கள். திரையின் விரிசல் அதில் ஒன்றின் மேல் ஓடினால் சிக்கல்தான். படத்தை விரலால் நகர்த்தி விரிசல் இல்லாத பக்கம் கொண்டுபோங்கள். ஸ்கிரீன்ஷாட் ஒன்று கட்டாயம் வேண்டும், ஆப் அந்த நேரத்தில் லாகின் கேட்கலாம். சில நகரப் போக்குவரத்து டிக்கெட்டுகளில் மட்டும் கட்டம் சில விநாடிக்கு ஒருமுறை மாறும். அங்கே ஸ்கிரீன்ஷாட் செல்லாது.

நாள் 2: இறங்கியாயிற்று, சிக்னல் இல்லை

ஏரோபிளேன் மோடை எடுத்ததும் இரண்டு கோடு தெரிகிறது, இணையம் மட்டும் வரவில்லை. இறங்கியவர்களில் பாதிப் பேர் போனை ஆட்டிக்கொண்டு நிற்பது இந்த இடத்தில்தான்.

இசிம் (செருகாமல் இணையம் வழியாகப் போனுக்குள் இறக்கும் சிம்) வாங்கியவர்கள் அதை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். இணையம் இருந்தால்தான் இணையத்துக்கான சிம் இறங்கும் என்பது இந்தத் தொழில்நுட்பத்தின் நகைச்சுவை. வாங்கியதும் ஒரு கியூஆர் படம் மின்னஞ்சலில் வரும். அதே போனில் வந்த படத்தை அதே போனின் கேமராவால் எப்படிப் பிடிப்பது? வேறு திரையில் திறந்து பிடிக்கலாம். முடியாவிட்டால் படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுத்து இருக்கும்: ஒன்று சர்வர் முகவரி, மற்றது ஆக்டிவேஷன் கோடு. கையால் தட்டச்சு செய்யலாம். இறக்கிய பின் வேலை செய்யவில்லை என்று கோபத்தில் அழித்துவிடாதீர்கள். பல கியூஆர்கள் ஒரே ஒரு முறைக்குத்தான்.

அமைப்பில் பார்க்க வேண்டியவை: டேட்டாவுக்குப் புது சிம். புது சிம்முக்கு டேட்டா ரோமிங் 'ஆன்'. இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள், ரோமிங் என்றாலே பயந்து அணைத்து வைத்திருப்பார்கள். பயண இசிம்கள் பலவும் வேறொரு நாட்டு நிறுவனத்தின் சிம்தான், இறங்கிய ஊரில் அதுவும் விருந்தாளி. ரோமிங் அணைந்திருந்தால் கோடு காட்டும், டேட்டா வராது. பழைய சிம்முக்கு டேட்டா ரோமிங் 'ஆஃப்'. 'டேட்டாவைத் தானாக மாற்றிக்கொள்' என்று ஒரு விருப்பம் இருந்தால் அதையும் அணையுங்கள். இல்லையென்றால் புது சிம் கொஞ்சம் தடுமாறும்போது போன் சத்தமில்லாமல் பழையதற்குத் தாவும், பில் சத்தம் போடும்.

இதற்குப் பிறகும் வரவில்லையா? ஏரோபிளேன் மோடில் அரை நிமிடம் போட்டு எடுங்கள். அடுத்து நெட்வொர்க்கைத் தானியங்கியிலிருந்து மாற்றி, பட்டியலில் தெரியும் ஒவ்வொன்றையும் கையால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதுவும் பலிக்காவிட்டால் ஏபிஎன், அதாவது சிம் எந்த வாசல் வழியாக இணையத்துக்குப் போக வேண்டும் என்று போனுக்குச் சொல்லும் பெயர். சிம்மோடு வந்த மின்னஞ்சலில் ஒரு சின்னச் சொல் இருக்கும், அதை ஏபிஎன் கட்டத்தில் சிற்றெழுத்தில் அப்படியே இடுங்கள், நடுவில் இடைவெளி விடாமல். பிறகு ரீஸ்டார்ட்.

பழைய சிம்மைக் கழற்ற வேண்டாம். அதன் வேலை இப்போது குறுஞ்செய்தி வாங்குவது மட்டும். டேட்டா ரோமிங்கும் ரோமிங் சேவையும் வெவ்வேறு. முதலாவது போனில் இருக்கும் ஸ்விட்ச், இரண்டாவது நிறுவனத்திடம் முன்பே கேட்டுத் திறக்க வேண்டியது. இரண்டாவது திறந்து முதலாவது அணைந்திருப்பதுதான் சரியான நிலை. ஓடிபி வரும், டேட்டா ஓடாது. புது சிம்மைப் பார்த்ததும் வாட்ஸ்ஆப் 'எண்ணை மாற்றட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் குறிப்பில் ஆத்தென்டிகேட்டர் எங்கும் வேலை செய்யும் என்று எழுதியதற்கு ஒரு வால் உண்டு. சிக்னல் இல்லாததால் போன் பழைய ஊர் நேரத்தையே காட்டும். சிலர் அமைப்புக்குள் போய் மணியை மட்டும் கையால் நகர்த்துவார்கள், நேர மண்டலத்தை மாற்ற மாட்டார்கள். திரையில் நேரம் சரியாகத் தெரியும். உள்ளே கதை வேறு. ஆத்தென்டிகேட்டர் பார்ப்பது திரையில் தெரியும் மணியை அல்ல, 1970 ஜனவரி 1 முதல் உலகப் பொது நேரப்படி கடந்த விநாடிகளை. மண்டலத்தை விட்டுவிட்டு மணியை மட்டும் இரண்டரை மணி நேரம் தள்ளினால் அந்த விநாடிக் கணக்கே இரண்டரை மணி நேரம் பிசகும். எண் வரும், ஒவ்வொன்றும் தப்பாக இருக்கும். மூன்று முறை தப்பாகப் போட்டால் வங்கி பூட்டிவிடும். நேரம் 'தானாக' என்பதில் இருக்கட்டும். அவசரம் என்றால் மண்டலத்தை மாற்றுங்கள், மணியைத் தொடாதீர்கள்.

நாள் 3: விடுதி வைஃபை

வைஃபை சேர்ந்துவிட்டது, ஆனால் அறை எண் கேட்கும் அந்தப் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது. ஏன் என்று தெரிந்தால் கோபம் பாதி குறையும்.

விடுதியின் கருவி செய்வது ஒரு வகை வழிமறிப்பு. நீங்கள் எந்தத் தளத்தைக் கேட்டாலும் நடுவில் புகுந்து தன் பக்கத்தைக் காட்டப் பார்க்கும். முன்பு தளங்கள் பூட்டில்லாமல், அதாவது போய்வரும் தகவலை மறைக்காமல், இருந்தன, அது எளிதாக நடந்தது. இன்று ஏறக்குறைய எல்லாத் தளமும் பூட்டுப் போட்டது. நடுவில் எவன் புகுந்தாலும் பிரவுசர் 'இது ஆபத்து' என்று கதவைச் சாத்திவிடும். விடுதிக் கருவிக்கும் அதே மரியாதைதான். இதற்காகவே போன் சேர்ந்ததும் பூட்டில்லாத ஒரு சோதனை முகவரியைத் தட்டிப் பார்த்து, வழிமறிப்பு தெரிந்தால் அந்தப் பக்கத்தைத் தானே திறக்கும். அந்தச் சோதனை கெட்டுப்போகும்போதுதான் நாம் மாட்டுகிறோம்.

கெடுப்பவர்கள் இருவர். விபிஎன் (இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் ஆப்) ஒன்று. அமைப்புக்குள் ஒளிந்திருக்கும் 'பிரைவேட் டிஎன்எஸ்' (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்ற நாமே தேர்ந்தெடுத்த சேவை) இன்னொன்று. விளம்பரத்தைத் தடுக்க எப்போதோ போட்டு மறந்திருப்போம். இரண்டையும் அணைத்து, அந்த வைஃபையை 'மறந்துவிடு' கொடுத்து மறுபடி சேருங்கள். அப்படியும் வராவிட்டால் பிரவுசரில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பூட்டே போடாமல் இதற்கென்றே நடத்தப்படும் தளம் அது, வழிமறிக்க விட்டுக்கொடுக்கும். கடைசி வழி: வைஃபை விவரத்தில் 'கேட்வே' அல்லது 'ரூட்டர்' என்று ஒரு எண் வரிசை தெரியும். அதை அப்படியே முகவரிக் கட்டத்தில் இட்டால் பல இடங்களில் பக்கம் நேராக வரும்.

வந்த பக்கம் அறை எண்ணும் குடும்பப் பெயரும் கேட்கும். ஒற்றைப் பெயர்க்காரர்களே, அந்தத் தாளை எடுங்கள். வரவேற்பில் இருந்தவர் என்ன தட்டினாரோ அதுதான் கடவுச்சொல். இனிஷியலை மட்டும், முழுப் பெயரை, பெயரையே இரண்டு முறை என்று முயன்றும் நடக்காவிட்டால், வரவேற்பில் 'உங்கள் திரையில் என் பெயர் எப்படி இருக்கிறது' என்று கேட்டுவிடுங்கள். வைஃபை வேலை செய்யவில்லை என்று புகார் சொன்னால் ரூட்டரை அணைத்துப் போடுவார்கள், பெயர் மாறாது.

காலையில் சேர்ந்தது மாலையில் 'கருவிகளின் எண்ணிக்கை தாண்டிவிட்டது' என்று சொன்னால் அதற்கும் காரணம் உண்டு. விடுதி உங்கள் போனை அடையாளம் காண்பது அதன் மேக் முகவரியால், வைஃபையில் ஒவ்வொரு கருவியும் சொல்லும் அடையாள எண் அது. யாரும் பின்தொடரக் கூடாது என்று போன்கள் 2019, 2020 வாக்கில் இருந்து அந்த முகவரியை நெட்வொர்க்குக்கு ஒன்றாகப் பொய்யாகச் சொல்லத் தொடங்கின. சில போன்களில் 'மறந்துவிடு' கொடுத்தாலோ சில நாள் கழிந்தாலோ பொய் மாறும். ஒரே போன் இரண்டு போனாகக் கணக்கில் ஏறும். அந்த ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும் தனிப்பட்ட முகவரியை 'நிலையானது' என்றோ 'ஆஃப்' என்றோ மாற்றுங்கள். அந்தரங்கத்துக்கான ஏற்பாடு, தொல்லையாகத் திரும்பி வருவது இப்படித்தான்.

கோடு முழுதாக இருந்தும் வேகம் இல்லையென்றால்: கோடு சொல்வது உங்களுக்கும் நடைபாதைக் கூரையில் இருக்கும் பெட்டிக்கும் இடையில் உள்ள உறவை மட்டும். பெட்டிக்கு அப்பால் மொத்த விடுதியும் பங்கிடும் குழாயைப் பற்றி அதற்குத் தெரியாது. இரவு ஒன்பது மணிக்கு எல்லா அறையிலும் வீடியோ ஓடும். பெரிய கோப்பை விடியற்காலை ஏற்றுங்கள்.

பொது வைஃபை என்றாலே வங்கிக் கணக்கு பறிபோகும் என்ற பயம் இன்று கொஞ்சம் மிகைதான், அந்தப் பூட்டு காப்பாற்றுகிறது. பிரவுசர் சான்றிதழ் எச்சரிக்கை காட்டும்போது 'பரவாயில்லை, தொடர்' என்று அழுத்துவதுதான் உண்மையான ஆபத்து.

நாள் 4: பிளக்

சின்ன குறிப்பு. பிளக் மாற்றி வடிவத்தை மட்டும் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் 100–240 என்று இருந்தால் எங்கும் செருகலாம். போன், லேப்டாப் சார்ஜர்களில் அநேகமாக இருக்கும். முடி உலர்த்தி, இஸ்திரிப் பெட்டி போன்ற சூடாக்கும் சாமான்களில் ஒரே வோல்ட் எழுதியிருந்தால் வீட்டிலேயே விடுங்கள். மாற்றி ஒன்று போதும், கூடவே வீட்டு வகை எக்ஸ்டென்ஷன் பலகை ஒன்று.

அறையில் அட்டையைச் செருகினால்தான் மின்சாரம் என்றால், வெளியே போகும்போது சார்ஜும் நின்றுவிடும். குளிர்பதனப் பெட்டியின் பிளக் பெரும்பாலும் அந்த ஸ்விட்ச்சுக்குக் கட்டுப்படாதது, பக்கத்துத் துளையைச் சோதித்துப் பாருங்கள். டிவியின் பின்னால் இருக்கும் யுஎஸ்பி வேண்டாம். பழைய வகை என்றால் அரை ஆம்பியர், அதாவது 2.5 வாட். இரவு முழுக்கப் போட்டாலும் பெரிய பேட்டரி நிரம்பாமலே விடியலாம்.

கதவு திறக்கும் அட்டை காந்தப் பட்டை வகையாக இருந்தால் பர்ஸின் காந்தப் பித்தானுக்கு அருகில் வைக்காதீர்கள். திரும்பத் திரும்ப எழுத வேண்டியது என்பதால் விடுதி அட்டையில் காந்தப்பிடிப்பு குறைவான பட்டைதான் இருக்கும், எளிதில் அழியும்.

நாள் 5: மலைப் பாதை

ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் வேண்டாம். இதை இன்னும் நம்பாதவர்கள் உண்டு. போன் எதையும் அனுப்புவதில்லை, சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் குரலைக் கேட்கிறது, அவ்வளவுதான். நான்கு கேட்டால் இடம் தெரியும். இணையம் தேவைப்படுவது இரண்டுக்கு: படத்தை வரைய, முதல் பிடிப்பைச் சீக்கிரமாக்க. ஒவ்வொரு கோளும் தான் இருக்கும் இடத்தின் விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை மெதுவாக ஒப்பிக்கும். ஊரில் அந்த விவரத்தை இணையம் நொடியில் கொடுத்துவிடும். இங்கே முழுதாகக் காத்துக் கேட்க வேண்டும். எனவே வானம் தெரியும் இடத்தில் அசையாமல் ஒன்றிரண்டு நிமிடம் நில்லுங்கள். நடந்துகொண்டே மரத்தடியில் எட்டிப் பார்த்து 'ஜிபிஎஸ் போச்சு' என்று சொல்வதில் பயனில்லை.

கூகுள் மேப்ஸின் ஆஃப்லைன் படம் வண்டி ஓட்டத்தான் வழி சொல்லும், நடைக்கும் பேருந்துக்கும் சொல்லாது. ஒற்றையடிப் பாதைக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப் (தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் உலக வரைபடம்) தரவில் ஓடும் ஆப் ஒன்றை இறக்கி வையுங்கள், பாதைக் கோடும் உயரக் கோடும் அதில் கிடைக்கும். இறக்கியதை ஏரோபிளேன் மோடில் போட்டுத் திறந்து பார்த்தால்தான் இறங்கியது உறுதி. படத்தைப் பெரிதாக்கும்போது வெள்ளைக் கட்டங்கள் தெரிந்தால் பாதிதான் இறங்கியிருக்கிறது.

திசைமுள் தப்பாகக் காட்டினால் முதலில் உறையைக் கழற்றுங்கள். காந்த மூடி உள்ள உறை, காந்த வளையம் இரண்டும் முள்ளைக் குழப்பும். பிறகு போனை எட்டு போலச் சுழற்றுங்கள்.

மலையில் பேட்டரியைத் தின்பது ஜிபிஎஸ் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரிய தீனிக்காரன் செல் சிக்னல். கோபுரம் தொலைவாக இருந்தால் போன் தன் ஒலிபரப்பு சக்தியை ஏற்றிக்கொண்டே போகும், கிடைக்காவிட்டால் விடாமல் தேடும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள், பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் அதிலும் ஓடும். மணிக்கு ஒருமுறை எடுத்துத் தகவல் பார்த்தால் போதும்.

குளிர் இன்னொன்று. 30 சதவீதம் காட்டிய போன் திடீரென அணைந்தால் பேட்டரி காலியாகிவிட்டது என்று அர்த்தமல்ல. குளிரில் செல்லின் உள்தடை ஏறும். கேமரா போன்ற பெரிய வேலை கொடுத்ததும் வோல்ட் சரிந்து, போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். சட்டையின் உள்பையில் உடம்போடு ஒட்டி வைத்துக் கால் மணி கழித்துப் போடுங்கள், அதே 30 திரும்ப வரலாம். உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் மட்டும் ஏற்றக் கூடாது. லித்தியம் போக வேண்டிய இடத்துக்குள் நுழையாமல் மேலேயே உலோகமாகப் படியும், அந்தச் சேதம் திரும்பாது.

நாள் 6: பணமும் ஆப்பும்

கார்டைத் தேய்க்கும்போது இயந்திரம் 'உங்கள் நாட்டுப் பணத்திலா, இந்த ஊர்ப் பணத்திலா' என்று பணிவாகக் கேட்கும். எப்போதும் இந்த ஊர்ப் பணம். சொந்தப் பணத்தில் தொகை தெரிவது மனத்துக்கு இதம்தான், ஆனால் அந்த மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது இயந்திரத்தின் பக்கம் இருப்பவர்கள். இதத்துக்கான விலை அதில் அடங்கியிருக்கும். விடுதிக்கும் வாடகைக் காருக்கும் முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டு என்றால் உங்கள் பணமே பல நாள் முடங்கும், கிரெடிட் கார்டு கொடுங்கள். கார்டைத் தட்டும்போது பர்ஸோடு தட்டாதீர்கள், இரண்டு கார்டு ஒரே நேரத்தில் பதில் சொன்னால் இயந்திரம் இரண்டையும் மறுக்கலாம்.

எரிச்சலின் உச்சம் வண்டி நிறுத்துமிடம். ஒரு மணி நேரம் நிறுத்த ஒரு ஆப். அதை இறக்க சிக்னல், கணக்குத் திறக்க மின்னஞ்சல், உறுதி செய்ய ஓடிபி, அப்புறம் கார்டு எண், அப்புறம் 'எங்களை மதிப்பிடுங்கள்'. ஒரு நாணயமும் ஒரு துளையும் செய்த வேலை இது. முன்னேற்றம் என்று இதைச் சொல்ல மனம் வரவில்லை. ஆப் இறக்கும் முன் பலகையின் அடிப்பகுதியைப் படியுங்கள். இணையதளத்தில் விருந்தினராகக் கட்டும் வழியோ அழைத்துக் கட்டும் எண்ணோ சிறிய எழுத்தில் இருப்பதுண்டு.

பலகையில் இருக்கும் கியூஆரை நகத்தால் ஓரத்தில் சுரண்டிப் பாருங்கள். அசல் என்றால் பலகையோடு அச்சாகியிருக்கும், அல்லது மொத்தப் பலகைக்கும் ஒரே உறை. கியூஆர் மட்டும் தனி ஸ்டிக்கராக உரிந்து வந்தால், அடியில் இன்னொரு கியூஆர் இருந்தால், மேலே ஒட்டியது திருடனுடையது. ஸ்கேன் செய்ததும் திறந்துவிடாமல் கேமரா காட்டும் முகவரியைப் படியுங்கள், பலகையில் அச்சான பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

நாள் 7: இடம் போதவில்லை

4கே வீடியோ ஐபோனில் நிமிடத்துக்கு சுமார் 170 எம்பி, அதுவும் புதிய சுருக்க முறையில். 1080-இல் எடுத்தால் 60. போன் திரையில் பார்க்கப் போவதற்கு எதற்கு 4கே என்பது என் கட்சி.

இடம் நிறைந்ததும் பதற்றத்தில் அழிப்பதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: மேகத்தோடு ஒத்திசைப்பது பேக்கப் அல்ல. ஒத்திசைவில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். 'இடத்தை விடுவி' என்ற விருப்பம் வேறு, 'அழி' வேறு. முன்னது, மேலே போய்ச் சேர்ந்த படத்தின் போன் பிரதியை மட்டும் எடுக்கும். வைஃபையில் மட்டும் ஏற்று என்று அமைத்திருந்தால் ஒரு வாரப் படமும் இன்னும் போனிலேயே இருக்கும், எத்தனை மிச்சம் என்று ஆப்பில் பாருங்கள். டைப் சி முனையுள்ள பென் டிரைவ் ஒன்று இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. நகலெடுத்தபின் அதிலிருந்தே இரண்டு வீடியோவைத் திறந்து ஓட்டிப் பார்த்துவிட்டு அழியுங்கள்.

நாள் 8: திரும்புதல்

வாடகைக் காரைக் கொடுப்பதற்கு முன் அதன் புளூடூத் பட்டியலைத் திறந்து உங்கள் போனின் பெயரை அழியுங்கள். பாட்டுக் கேட்கத்தான் சேர்த்தோம் என்றாலும், பல கார்கள் தொடர்புப் பட்டியலையும் அழைப்பு விவரத்தையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். போன முகவரிகளும் வரைபடத்தில் இருக்கும். அறை டிவியில் ஏதாவது கணக்கில் நுழைந்திருந்தால் வெளியேறுங்கள்.

டிக்கெட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரம்: புறப்படுவது இந்த ஊர், சேர்வது அந்த ஊர். ஆனால் அதைக் காலண்டரில் வீட்டிலிருந்தே கையால் பதிந்தவர்களுக்கு, மண்டலம் மாறியதும் போன் அந்தப் பதிவையும் சேர்த்து நகர்த்தியிருக்கும். காலை 9 மணி விமானம் காலண்டரில் காலை 11.30 என்று நிற்கலாம். இன்று நம்ப வேண்டியது டிக்கெட்டை.

வந்து சேர்ந்தபின்: டேட்டாவைப் பழைய சிம்முக்கு மாற்றுங்கள், அணைத்த தானியங்கி அப்டேட்டைப் போடுங்கள், விடுதி, விமான நிலைய வைஃபை பெயர்களைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். அதே பெயரில் எவர் வைத்தாலும் போன் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். பயண இசிம்மின் காலம் முடிந்ததை உறுதி செய்துவிட்டு அழிக்கலாம். பவர் பேங்கை முழுதாக நிரப்பியோ காலியாகவோ அலமாரியில் வைக்காதீர்கள். நான்கு விளக்கில் இரண்டு எரிகிற அளவில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வயிறு உப்பியிருந்தால் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள்.